பழசு ஒன்று, புதுசு ஒன்றரை

கூழைப்பேரிக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சொல்லுவார்கள். அது அவர்கள் வாய்க்கொழுப்பு. கூழைப்பேரிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். ‘அடுப்பைப் பார்த்துக்கோ’ என்று சொல்லிவிட்டுப் போனால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சோறு கரிந்தால், கரிவதையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கண்ணை மட்டும் எடுக்க மாட்டார்கள். இப்படி ஒரு விசுவாசத்தை வேறெந்த ஊரில் காட்ட முடியும்?

அந்த ஊரில் கொம்பையா என்று ஓர் இளவட்டம் இருந்தான். ஆள் வாட்டசாட்டம். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஏழெட்டு ஆடு சொந்தமாக வைத்திருந்தான். ஆனாலும் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. உள்ளூரில் எடுக்கலாமென்றால் அத்தனை பெண்களும் அவனுக்குத் தங்கச்சி முறை. வெளியூரில் போய்ப் பெண் பார்த்தால், ‘எந்த ஊரு?’ என்று கேட்பார்கள். சொன்னதும், வைத்த காப்பியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கடைசியில் அரசங்காட்டு நல்லமாடன் பெண் கொடுக்க இறங்கி வந்தார். அவர் பால் வியாபாரி. படியில் பால் அளக்கும்போது பெருவிரலை உள்ளே விட்டுத்தான் அளப்பார்; விரல் தடிமனுக்கு அவருக்குப் பால் மிச்சம். அப்படிப்பட்ட மனிதர் அளவு விஷயத்தில் கறாராக இருந்ததில் ஆச்சரியமில்லை.

“வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு வரும்போது மாப்பிள்ளை வீட்டுச் சீரா அஞ்சு படி பால், பத்து முழம் பிச்சிப்பூ, மணவறையில போட ஏழடிப் பலகை ஒண்ணு கொண்டு வரணும். ஒரு சொட்டுக் குறையக் கூடாது, ஒரு நூல் குறையக் கூடாது. குறைஞ்சா வந்த வழியே திரும்பிர வேண்டியதுதான். கூழைப்பேரியில சம்பந்தம் வச்சிருக்கேன்னு ஏற்கெனவே எங்க பங்காளி சொக்காரன் எல்லாம் சிரிக்கான்” என்றார்.

கொம்பையா எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவனுக்கு நல்லமாடனுடைய மகள் உலகம்மாளைப் பிடித்துப்போயிருந்தது. பெண் பார்க்கப் போன அன்று, ‘சூடு பாத்துக் குடிங்க’ என்று அவள் காப்பியை நீட்டினாள். அவன் ஒரு விரலை டம்ளருக்குள் முழுசாக விட்டுச் சூடு பார்த்துவிட்டுக் குடித்தான். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விரல் கொப்புளித்து ஆறிவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் ஆறவில்லை.

இப்படி இருக்கும்போது, கல்யாண வாரத்தின் திங்கட்கிழமை, தலையாரி தமுக்கைத் தட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தார்.

“இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று முதல் படி செல்லாது, ஆழாக்கு செல்லாது. அடி செல்லாது, முழம் செல்லாது, சாண் செல்லாது. இனிமேல் லிட்டரும் மீட்டரும்தான் செல்லும். பழசை வைத்திருப்பவர்கள் மேல் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். ஆபீசர் சோதனைக்கு வருவார்.”

தலையாரி போய்விட்டார். ஊர் சாவடியில் கூடியது. நாட்டாமை பூலுடையார், கொம்பையாவுக்குப் பெரியப்பா முறை. அவர் தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்:

“சர்க்கார் சொல்லைத் தட்டக் கூடாது. ஒவ்வொண்ணாப் பாப்போம். முதல்ல படி. படி செல்லாதுன்னுட்டாவ. நம்ம ஊர்ல படி எங்கெங்க இருக்கு?”

“எல்லா வீட்டு வாசல்லயும் இருக்கு நாட்டாமை. உங்க வீட்டுல நாலு படி இருக்கு.”

“அப்ப முதல் குத்தவாளி நான்தான்” என்று பூலுடையார் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். “எல்லாத்தையும் இன்னைக்கே இடிச்சிருங்க.”

“அவரு சட்டப்படின்னு ஒரு படியைச் சொன்னாரே” என்று ஒருவர் கேட்டார். “அது செல்லுமா?”

“அது சர்க்கார் படி. அது மட்டும் செல்லும்.”

“அதுல எத்தனை ஆழாக்குப் பிடிக்கும்?”

“அதை வச்சு அளந்தவன் எவனும் திரும்பி வந்து சொல்லல” என்றார் பூலுடையார். கூட்டம் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அடுத்து அடி. அடி செல்லாது என்றால் இனி யாரும் யாரையும் அடிக்கக் கூடாது என்று தீர்மானம் ஆனது. பள்ளிக்கூடத்து வாத்தியார் இதைக் கேட்டு இடிந்துபோனார். பிள்ளைகளைப் பார்த்து ‘படி’ என்று சொல்லவும் வழியில்லை, படிக்காதவனுக்கு ஓர் அடி போடவும் வழியில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

முழம் இன்னும் சிக்கலாக இருந்தது. எல்லாரிடமும் முழங்கை இருந்தது. குனிந்து பார்த்தால் முழங்காலும் இருந்தது. வெட்டி எறிய முடியாத இடத்தில் இருந்ததால், ஆபீசர் கண்ணில் படாமல் துணியைச் சுற்றி மறைத்துக்கொள்வது என்று முடிவானது.

“சாணுக்கு என்ன செய்ய?” என்று கொம்பையா கேட்டான். “நம்ம உடம்பே எண்சாண் உடம்புன்னுதான சொல்லுவாவ. சாண் செல்லாதுன்னா உடம்பே செல்லாதுல்லா?”

இதைக் கேட்டதும் சாவடியில் எல்லாரும் தங்கள் உடம்பை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பூலுடையார் வெகுநேரம் யோசித்தார்.

“ஆபீசர் வந்தா எல்லாரும் குனிஞ்சு நிப்போம்” என்றார். “எண்சாண் ஆறுசாணாத் தெரியும். குத்தம் கொஞ்சம் குறையும்.”

அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் ஒரு படி மிச்சமில்லை. பூலுடையார் வீட்டுப் படியை இடிக்கும்போது மேற்பார்வைக்காக அவர் தெருவில் நின்றுகொண்டிருந்தார். இடித்து முடித்த பிறகுதான் உள்ளே போக வழியில்லை என்று தெரிந்தது. அவருடைய சாப்பாடு அன்றுமுதல் சன்னல் வழியாக வந்தது. அவர் படுக்கை மாட்டுவண்டியில். முழங்கையிலும் முழங்காலிலும் துணி சுற்றிய ஊர் சனம், ஏதோ பெரிய சண்டைக்குப் போய் வந்ததைப் போல நொண்டி நொண்டித் திரிந்தது.

கொம்பையாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. மாமனார் கேட்டது படியில், முழத்தில், அடியில். மூன்றும் செல்லாது. செல்லாத அளவில் கொண்டுபோனால் சர்க்கார் பிடிக்கும். கொண்டுபோகாவிட்டால் உலகம்மாள் கிடையாது.

“டவுனுக்குப் போயி, பழைய அளவு புது அளவுல எவ்வளவுன்னு கேட்டு வந்துருவோம்வே” என்றான் அவன் கூட்டாளி சப்பாணிமுத்து. சப்பாணிமுத்து ஊரிலேயே படித்தவனாகக் கருதப்பட்டவன். முன்னொரு சமயம் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல் பிடுங்கிவிட்டு வந்தவன். ஆள் ரொம்பக் குள்ளம். உயரத்துக்குப் போக வேண்டியதெல்லாம் மூளைக்குப் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

இரண்டு பேரும் புதன்கிழமை காலையில் டவுனில் ஒரு பாத்திரக்கடைக்கு முன்னால் போய் நின்றார்கள். முழங்கையிலும் முழங்காலிலும் இருந்த துணிக்கட்டுகளைப் பார்த்த கடைக்காரர், தர்மத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்து, “பிறகு வாங்க” என்றார். அவர்கள் தெருவுக்கு இறங்கிப் போய், திரும்பி ஏறி, பிறகு வந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரர் பொறுமையாகவே சொன்னார்: “ஒரு படின்னா ஒன்றரை லிட்டரும் சொச்சமும். ஒரு அடின்னா முப்பது சென்டிமீட்டரும் சொச்சமும். ஒரு அங்குலத்துக்கு ரெண்டரை சென்டிமீட்டர். ஒரு முழம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல். ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர். ஒரு லிட்டருக்கு ஆயிரம் மில்லி. விளங்குச்சா?”

“சொச்சம்னா எவ்வளவு அண்ணாச்சி?” என்று கொம்பையா கேட்டான்.

“சொச்சம்னா சொச்சம்தான்.”

“எங்க மாமனார் கறாரான ஆளு. சொச்சத்தை அளக்க ஒரு பாத்திரம் இருந்தாக் குடுங்க.”

கடையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு இருமல் மருந்துப் புட்டியின் மூடியை எடுத்து நீட்டினார். “இந்தாரும். இதுதான் சொச்சம்.”

கொம்பையா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் முடிந்தான். சப்பாணிமுத்து விடவில்லை. “இவ்வளவு நம்பரையும் தலையில வச்சுக்கிட்டு வெயில்ல நடக்க முடியாது அண்ணாச்சி. சுருக்கமா ஒண்ணு சொல்லுங்க.”

கடைக்காரர் அப்போது வேறொருவருக்கு அண்டா காட்டிக்கொண்டிருந்தார். படியை நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “பழசு ஒண்ணு, புதுசு ஒன்றரை. போயிட்டு வாங்க.”

சப்பாணிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்ததே. ஒரு லிட்டர் பாத்திரம் ஒன்றும், ஒரு மீட்டர் மரக்கம்பு ஒன்றும் வாங்கிக்கொண்டார்கள். கம்பைக் கொடுக்கும்போது கடைக்காரர், “மரக்கம்பு, பாத்து. வளையாமக் கொண்டு போங்க” என்றார்.

“எங்க ஊரு எந்தப் பக்கம் அண்ணாச்சி?”

“இந்தப் பக்கம்” என்று அவர் குத்துமதிப்பாகக் கையைக் காட்டினார்.

கம்பின் முன்னுனியைக் கொம்பையா பிடித்தான், பின்னுனியைச் சப்பாணிமுத்து பிடித்தான். அவர் கை காட்டிய திசைக்கு நூல் பிடித்ததைப் போல நடக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச தூரத்தில் ரோடு வளைந்தது. அவர்கள் வளையவில்லை.

முள்ளுக்காடு வந்தது. உள்ளே புகுந்தார்கள். குளம் வந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி நேராகப் போனார்கள். சப்பாணிமுத்துவுக்கு அது தலைக்கு மேல் இருந்ததால் அவன் அந்தத் தூரத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தான். ஒரு வீட்டில் குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முன்வாசல் வழியே நுழைந்து, “கோவிச்சுக்கிடாதிய, வளையக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் கால் வைத்து, பின்வாசல் வழியே வெளியேறினார்கள். அடுத்த வீட்டுக்குப் பின்வாசல் இல்லை. கூரைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள்.

“மேல ஏறுதது வளையுததுல சேருமாவே?” என்று கொம்பையா கூரை உச்சியில் நின்று கேட்டான்.

“மேல ஏறுதது முன்னேத்தம்” என்றான் சப்பாணிமுத்து.

இப்படியே போய்ப் பால் கறக்கும் நேரத்துக்கு ஒரு மாட்டுத்தொழுவத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே ஒரு பெண் பசுவின் மடியருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தலை நிறைய வைக்கோலும், இடுப்புவரை சேறுமாக இரண்டு பேர் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து எழுந்தாள். உலகம்மாள்தான்.

கொம்பையா கம்பை விடாமல், மறு கையால் தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டான்.

“நீங்களா” என்றாள் அவள். “உங்க ஊரு வடக்கேல்லா இருக்கு. இங்க எப்படி வந்திய?”

“வளையக் கூடாதுன்னு கடைக்காரரு சொல்லிட்டாரு.”

“கம்பு வளையக் கூடாதுன்னு சொல்லியிருப்பாவ.”

“கம்பு எங்க கையில இருக்கு தாயி” என்று சப்பாணிமுத்து குறுக்கே வந்தான். “நாங்க வளைஞ்சா அதுவும் எங்களோட வளையும்லா?”

உலகம்மாள் கம்பைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். “அதுவும் சரிதான்” என்றாள்.

கொம்பையாவுக்குத் தைரியம் வந்தது. “மாமா பத்து முழம் பூ கேட்டாவ. முழம் செல்லாமப் போச்சு. உங்களுக்கு எவ்வளவு வேணும்னு நீங்களே சொல்லுங்க” என்றான்.

“எனக்கு முழமும் தெரியாது, மீட்டரும் தெரியாது. தலை கொள்ளுற அளவு இருந்தாப் போதும்.”

“உங்க தலை எவ்வளவு கொள்ளும்?”

“அதை நான் எப்படிப் பாக்க? என் கண்ணு முன்னாலல்ல இருக்கு.”

அவன் மீட்டர் கம்பின் ஒரு நுனியை அவள் காதருகே வைத்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். பசுகூட அசையாமல் நின்றது. கம்பில் இருந்த கோடுகளை அவன் ஒவ்வொன்றாக எண்ணினான்.

“பதினஞ்சு சென்டிமீட்டர்.”

“அது கூடவா, குறைச்சலா?”

“தெரியல” என்றான் கொம்பையா. “ஆனா நல்லா இருக்கு.”

உலகம்மாள் அதன் பிறகு கொஞ்ச நேரம் பால் செம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, அவர்கள் வளையாமல் எப்படி வடக்கே திரும்புவது என்பதற்கு அவளே வழியும் சொன்னாள்: “கம்பு பாட்டுக்கு இப்படியே கிழக்க பாத்து இருக்கட்டும். நீங்க மட்டும் வடக்க பாத்து நடங்க.” அப்படியே கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் எதிரே வந்தவர்கள் எல்லாம் ஓடையில் இறங்கி வழிவிட வேண்டியிருந்தது.

ஊர்க் கூட்டத்தில் சப்பாணிமுத்து புது அளவை அறிவித்தான்: “பழசு ஒண்ணு, புதுசு ஒன்றரை.”

“எது ஒண்ணு, எது ஒன்றரை?” என்றார் பூலுடையார், வண்டியில் உட்கார்ந்தபடியே.

“எல்லாம்.”

கொம்பையாவுக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஒரு முள் உறுத்தியது. “முழம் அரை மீட்டருக்குக் குறைச்சல்னு வேற என்னமோ சொன்னாரேவே.”

“அவரு நிறையச் சொன்னாரு. அதெல்லாம் உமி. கடைசியாச் சொன்னதுதான்வே அரிசி.”

கொம்பையா ஒப்புக்கொண்டான். பல் பிடுங்கியவனோடு பல் பிடுங்காதவன் எப்படி வாதாட முடியும்?

கணக்கு ஆரம்பமானது. அஞ்சு படிப் பாலுக்கு ஏழரை லிட்டர். படிக்கு ஒரு சொச்சம் வீதம் அஞ்சு மூடி மேலே. பத்து முழம் பூவுக்குப் பதினைந்து மீட்டர். ஏழடிப் பலகைக்குப் பத்தரை மீட்டர். அவ்வளவு நீளத்துக்குப் பலகை எந்த மரத்திலும் கிடைக்காது என்பதால், ஐந்து வீட்டுக் கதவுகளைக் கழற்றி, ஒரு சன்னல் கதவையும் சேர்த்து, வரிசையாக வைத்து ஆணி அடித்தார்கள். கொம்பையாவின் இருபத்தெட்டு வயது நாற்பத்திரண்டு ஆனது. பூலுடையாருக்கு அறுபது தொண்ணூறாகிவிட்டது. அதைக் கேட்டதும் அவருக்கு இருமல் வந்தது. இறங்கி நடக்கக் கைத்தாங்கலுக்கு ஓர் ஆள் கேட்டார்.

“எல்லாம் சரி” என்றார் அவர் இருமி முடித்து. “மாப்பிள்ளை?”

“மாப்பிள்ளைக்கு என்ன?”

“பழைய அளவுல ஒரு மாப்பிள்ளை. புது அளவுல ஒன்றரை மாப்பிள்ளை கொண்டுபோகணும்லா? நல்லமாடன் ஒரு நூல் குறையக் கூடாதுன்னு சொல்லியிருக்கான். நம்மகிட்ட ஒண்ணுதான் இருக்கு.”

சாவடி கவலையில் ஆழ்ந்தது. கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாலும் பூவும் சேர்ந்தும், தன்னிடத்தில் அரை ஆள் குறைகிறதே என்று நினைத்தான். அப்போது சப்பாணிமுத்து மெதுவாக எழுந்தான். எழுந்ததும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை; அதுவே எல்லாருக்கும் ஒரு யோசனையைக் கொடுத்தது.

“நான் வாறேன்” என்றான் அவன். “நண்பனுக்காக.”

வெள்ளிக்கிழமை காலை கூழைப்பேரி சனம் அரசங்காட்டுக்குள் நுழைந்தது. முன்னால் பட்டு வேட்டியில் கொம்பையா. அவனுக்குப் பக்கத்தில் சப்பாணிமுத்து, பாதி மீசையை மழித்து, பாதி வேட்டி கட்டி, ஒற்றைக் காலில் செருப்பும் அரை மாலையுமாக வந்தான். பின்னால் இரண்டு வண்டிகளை இணைத்து அதன்மேல் கதவுப் பலகை.

நல்லமாடன் முதலில் பாலை அளந்தார். சொந்தப் படியை எடுத்து வந்து, வழக்கம்போலப் பெருவிரலை உள்ளே விட்டு மொண்டார்.

“மாமா, உங்க விரலும் சீர்ல சேத்தியா?” என்று கொம்பையா கேட்டான். அறிந்துகொள்ளத்தான் கேட்டான். “அப்படின்னா அதுக்கும் ஒன்றரை விரல் கொண்டு வரணுமே.”

ஊரே அவர் விரலைப் பார்த்தது. நல்லமாடன் விரலை எடுத்துவிட்டு அளந்தார். அஞ்சு படி, சொட்டுச் சுத்தமாக இருந்தது. பூவை முழம் போட ஆரம்பித்தார். முப்பதைத் தாண்டியதும் கை வலித்து நிறுத்திவிட்டார். உலகம்மாள் தலை கொண்டது போக மீதியைப் பந்தல் காலிலும் பசுவின் கொம்பிலும் ஆட்டுரலிலும் சுற்றினார்கள். பலகைதான் படுத்தியது. அதை மணவறையில் போட்டபோது ஒரு நுனி வீட்டு முன்வாசலிலும், மறு நுனி பின்பக்கம் எருக்குழி மேலும் நீட்டிக்கொண்டு நின்றது. ஆனாலும் குறைச்சல் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

“அதெல்லாம் கிடக்கட்டும்” என்றார் நல்லமாடன். சப்பாணிமுத்துவின் அரை மீசையிலேயே அவர் கண் நிலைத்திருந்தது. “இது யாருவே?”

“அரை மாப்பிள்ளை” என்றார் பூலுடையார்.

“என்னது?”

“புது அளவு சம்பந்தி. நீங்க எங்களைக் குறை சொல்லிரக் கூடாதுல்லா.”

நல்லமாடன் முகம் கறுத்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். “சொக்காரன் சொன்னது சரியாப் போச்சு. கிளம்புங்க எல்லாரும். என் மகளுக்கு ஒரு மாப்பிள்ளையே அதிகம், இதுல அரை வேறயா?”

கொம்பையா அப்படியே உட்கார்ந்துவிட்டான். நாதஸ்வரம் நின்றது. உள்ளேயிருந்து உலகம்மாள் வெளியே எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, அரை மாப்பிள்ளை தனியா வந்திருந்தாத்தான தப்பு? முழு மாப்பிள்ளையும் கூட வந்திருக்காவல்லா. அவுகளை உக்காரச் சொல்லுங்க. அரை மாப்பிள்ளைக்கு அரை இலை போட்டுருவோம்.”

மகளே சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? முணுமுணுத்துக்கொண்டே மணவறைக்கு வழிவிட்டார். பூலுடையார் விடாமல் பின்னாலேயே போய், “சம்பந்தி, நாங்க ஒன்றரை கொண்டு வந்துட்டோம். உங்க பக்கம் பொண்ணு ஒண்ணுதான் தெரியுது. மீதி அரைப் பொண்ணு?” என்று கேட்டார்.

“அவ சாப்பிடுத சாப்பாட்டுக்கு அவளே ஒன்றரைதான்” என்று எரிந்து விழுந்தார் நல்லமாடன்.

“அப்ப சரி” என்று பூலுடையார் திருப்தியோடு உட்கார்ந்தார்.

தாலியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ‘கெட்டிமேளம்’ என்று குரல் எழுந்தது. அடி செல்லாது என்று கூழைப்பேரிக்காரர்கள் ஓடிப்போய்த் தவில்காரர் கையைப் பிடித்துக்கொண்டதால், அவர் தவிலைப் பூனைக்குட்டியைத் தடவுவதைப் போலத் தடவிக்கொடுத்தார். அந்த மெல்லிய சரசரப்பில் கொம்பையா தாலியை எடுத்து உலகம்மாள் கழுத்தில் வைத்தான்.

“மூணு முடிச்சு போடுய்யா” என்றார் பூசாரி.

“மூணு பழசு” என்றான் சப்பாணிமுத்து. “நாலரை போடுவே.”

கொம்பையா ஒன்று போட்டான். இரண்டு, மூன்று, நான்கு போட்டான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். “அரை முடிச்சு எப்படிப் போடணும்?”

பந்தலே யோசித்தது. பூலுடையார் எழுந்து வந்து கயிற்றைக் கூர்ந்து பார்த்தார்.

“முடிச்சுன்னா என்ன? நுனியை வளைக்கணும், உள்ள விடணும், இழுக்கணும். வளைச்சு உள்ள விட்டா அரை. இழுத்தா முழுசு. அதனால இழுக்காத.”

கொம்பையா வளைத்து உள்ளே விட்டான். “கையை எடுத்துரட்டுமா பெரியப்பா?”

“எடுத்தா அவுந்துரும்லா. அவுந்தா அரையும் இல்ல.”

“இழுத்துரட்டுமா?”

“இழுத்தா அஞ்சாயிரும். சர்க்கார் கணக்கு நாலரை.”

“அப்ப என்ன செய்ய?”

“பிடிச்சுக்கோ” என்றார் பூலுடையார். “ஆபீசர் வந்து பாத்துட்டுப் போறவரைக்கும் பிடிச்சுக்கோ.”

ஆபீசர் வரவில்லை. கூழைப்பேரிக்குப் போக வேண்டும் என்று எந்த ஆபீசருக்குத்தான் தோன்றும்? கொம்பையா பிடித்துக்கொண்டே இருந்தான். உலகம்மாள் தண்ணீர் எடுக்கப் போனால் பின்னாலேயே போனான். அவள் அம்மியில் அரைத்தால் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். அவள் சந்தைக்குப் போனால் ஒரு கையில் பையும் மறு கையில் அரை முடிச்சுமாக நடந்தான். வெளியூர்ப் பெண்கள் பார்த்துவிட்டுத் தங்கள் புருஷன்மாரிடம், ‘கூழைப்பேரிக்காரனைப் பாத்துக் கத்துக்கிடுங்க’ என்று இடித்துக் காட்டினார்கள்.

ஒருநாள் நல்லமாடன் மகளைப் பார்க்க வந்தார். ‘கஷ்டமா இருக்காட்டி?’ என்று தனியாகக் கேட்க நினைத்தார். தனியாகக் கேட்க வழியில்லாததால் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே கேட்டார்.

“ஒரு கஷ்டமும் இல்லப்பா” என்றாள் உலகம்மாள். “முதுகு அரிச்சா யாரையும் கூப்பிட வேண்டியதில்ல.”

இரண்டு பேர் இவ்வளவு பக்கத்தில் ராப்பகலாக இருந்தால் வருஷம் திரும்புவதற்குள் நடக்க வேண்டியது நடக்கத்தானே செய்யும். உலகம்மாளுக்கு இடுப்பு வலி கண்டது. மருத்துவச்சி வந்தாள். கொம்பையா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றபடி, பின்னால் கையை நீட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு கவலை. முடிச்சு நழுவிவிடக் கூடாதே என்று ஒரு பக்கம், அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று ஒரு பக்கம். வாசலில் ஊர் முழுக்கக் கூடி நின்றது.

பிள்ளை அழும் சத்தம் கேட்டது. மருத்துவச்சி வெளியே வந்தாள்.

“ஆம்பளப் பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்லாருக்காவ.”

“எத்தனை பிள்ளை?” என்று கேட்டான் சப்பாணிமுத்து.

“ஒண்ணுதான்.”

“எந்த அளவுல ஒண்ணு?”

மருத்துவச்சி யோசித்தாள். “எனக்குத் தெரிஞ்ச பழைய அளவுலதான்.”

அவள் கை கழுவிவிட்டு, வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டாள். பூலுடையார் கையைக் குறுக்கே நீட்டி மறித்தார்.

“எங்க கிளம்புத? உள்ள போயி உக்காரு தாயி. இன்னும் அரை வரணும்.”

மருத்துவச்சி உள்ளே போய் உட்கார்ந்தாள். அவளுக்கும் கூழைப்பேரிதான் சொந்த ஊர்.